விலை சொல்லும் உரிமை யாருடையது?

சந்தையில் பொருளின் விலையைச் சொல்பவன் விற்பவன். பேரம் பேசுபவன் வாங்குபவன். இந்த உலகியல் முறையை 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இங்கிலாந்து நாட்டு இசைக்குழு ஒன்று தலைகீழாக்கியது. ரேடியோஹெட் என்னும் அக்குழு, 'இன் ரெயின்போஸ்' என்ற தன் புதிய இசைத்தொகுப்பைத் தன் இணையத்தளத்திலேயே வெளியிட்டது. விலை இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கேட்பவர் தாம் விரும்பிய தொகையை அங்கே குறித்துக்கொள்ளலாம். ஒன்றும் கொடாமலும் பெற்றுக்கொள்ளலாம்.

அன்று எழுந்த ஆரவாரம் சிறிதன்று. கலைஞனுக்கும் சுவைஞனுக்கும் இடையே நின்ற முதலாளிகளின் ஆதிக்கம் ஒழிந்தது என்றனர் சிலர். இனிக் கலைஞர் அனைவரும் இவ்வழியே செல்லவேண்டும் என்றனர் வேறு சிலர். முதற்கூற்றில் உண்மை உண்டு. இசைத்தட்டு நிறுவனங்கள் வருவாயின் பெரும்பகுதியைத் தாமே எடுத்துக்கொண்டு, பாடியவனுக்குச் சிறுபங்கையே அளித்துவந்தன. அந்தத் தளையை அறுத்ததற்காக அக்குழுவைப் பாராட்டலாம். ஆனால் இரண்டாம் கூற்றை ஏற்பதற்கில்லை. விலையை விட்டுக்கொடுத்தல், விலை பெற்று வளர்ந்தவனுக்கே இயலும் வள்ளன்மை. அதை வளரும் கலைஞனுக்கு விதியாக்குவது அவன் வயிற்றில் அடிப்பதாகும்.

ரேடியோஹெட் 1991ஆம் ஆண்டிலேயே இ.எம்.ஐ. என்னும் பெருநிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட குழு. 2003 வரை அதன் ஆறு தொகுப்புகள் அந்நிறுவனத்தின் வழியே உலகெங்கும் விற்பனையாயின. அவ்வாறு திரண்ட சுவைஞர் கூட்டம் காத்திருந்த வேளையில்தான் குழு தன் வாயிலைத் திறந்துவிட்டது. அப்போதும் எல்லாவற்றின் விலையையும் அது விட்டுவிடவில்லை. உடன் அறிவித்த சிறப்புப் பெட்டிக்கு 40 பவுண்டு என்று தானே விலை குறித்தது. பின்னர்க் கடைகளுக்கு வந்த குறுவட்டும் விலைக்கே விற்றது. 2008 ஜனவரியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. பணம் கொடுத்துப் பதிவிறக்கியவரைவிட இலவசமாகப் பதிவிறக்கியவரே மிகுதி என்பதைக் குழுவின் பாடல் பதிப்பு நிறுவனம் அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஆயினும் குழுவுக்கு நட்டமில்லை. புகழ் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டது. 2011இல் அடுத்த தொகுப்பு வெளிவந்தபோது, அதன் விலையைக் குழுவே குறித்தது. புரட்சி செய்தவர்களே தொடராத புரட்சியை ஏழைப் பாடகனின் தலையில் சுமத்துவது என்ன நியாயம்?

புகழின் துணை குறைந்தவர் நிலை யாது? அதே 2007ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்கக் கவிஞரும் பாடகருமாகிய சால் வில்லியம்ஸ் தம் தொகுப்பை இணையத்தில் வெளியிட்டார். அதை இலவசமாகவும் பெறலாம். 5 அமெரிக்க வெள்ளி கொடுத்து உயர்ந்த ஒலித்தரத்திலும் பெறலாம். அதைத் தயாரித்த இசைக்கலைஞர் டிரெண்ட் ரெஸ்னர், இரண்டு மாதங்கள் சென்றபின் கணக்கை ஒளிவின்றி ஊரறியச் சொன்னார். பெற்றுக்கொண்டோர் 154,449 பேர். பணம் கொடுத்தோர் 28,322 பேர். ஐவரில் ஒருவர்கூட இல்லை!

இன்னும் முன்னே செல்வோம். கனடா நாட்டுப் பாடகி ஜேன் சிபெரி 2005ஆம் ஆண்டிலேயே தம் பாடல்களின் விலையைக் கேட்போரிடம் விட்டுவிட்டார். அவரைப் பற்றி அத்தகைய ஆரவாரம் எழவில்லை. செயல் ஒன்றே, செய்தவரின் பெயர் வேறு. ஆகவே அன்று உலகம் வியந்தது முறையையன்று, பெயரையே.

சுவைஞரைக் கள்வர் என்று நான் கூறவில்லை. பாட்டைக் கேட்பவனுக்குப் பதிவுக்கூடத்தின் வாடகை தெரியாது. ஒலிப்பதிவாளரின் கூலி தெரியாது. தாளம் வாசித்தவனுக்குக் கொடுத்தது எவ்வளவு என்பதும் தெரியாது. தெரியாதவனிடம் விலை கேட்டால், அவன் தன் பணப்பையைப் பார்ப்பானேயன்றிப் பாடகனின் உழைப்பைப் பார்க்கமாட்டான். அது அவன் குற்றமன்று. கேட்ட முறையின் குற்றம்.

'நம் சங்கப் புலவர்களும் பரிசில் பெற்றுத்தானே வாழ்ந்தனர்? அவர்கள் விலையா குறித்தனர்?' என்று நம்மவர் வினவக்கூடும். நல்ல வினாதான். அதியமானைக் காணச் சென்ற பெருஞ்சித்திரனார், தம்மை நேரிற் காணாமல் அவன் கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்ததைப் புறநானூறு காட்டுகிறது. பரிசில் வாழ்விலும் புலவனின் தகுதியை அறிந்து, முகம் பார்த்து, மதித்துக் கொடுத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. கணினித் திரையின் பின்னே முகமின்றி நின்று, சுழியத்தை அழுத்திச் செல்பவன் புரவலன் ஆகான்.

அவ்வாறாயின் சுவைஞனின் தாராள மனத்துக்கு இடமே இல்லையா? உண்டு. 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் என்னும் இணையச் சந்தையில், குறைந்த அளவு விலையைக் கலைஞனே குறிக்கிறான். மனமுள்ள சுவைஞன் அதற்கு மேலும் தரலாம். இலவசமாகத் தர விரும்பும் கலைஞன் சுழியம் என்று குறிக்கவும் தடையில்லை. அந்த முடிவு அவனுடையது. அடித்தளம் ஊதியம், அதற்கு மேல் எழுவது ஈகை. இந்த வரிசை மாறலாகாது.

இஃது எங்கோ மேலைநாட்டுப் பாடகர்களின் வழக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நூல் வெளியீட்டு விழாக்களை எண்ணிப் பாருங்கள். விரும்பிய தொகையை உறையில் இட்டு நூலைப் பெறும் வழக்கம் நம்மிடமும் உண்டு. வள்ளல் ஒருவர் ஆயிரம் வெள்ளி கொடுத்தால் மண்டபம் அதிரக் கைதட்டுகிறோம். பின்னட்டையில் அச்சிட்ட இருபது வெள்ளியை யாரும் பார்ப்பதில்லை. மறுவாரம் அந்த எழுத்தாளனை வழியில் கண்டால், 'எனக்கொரு நூல் இல்லையா?' என்று கூச்சமின்றிக் கை நீட்டுகிறோம்.

வள்ளலின் ஆயிரம் வேண்டாம் என்பதன்று என் வாதம். ஐம்பது பேர் இருபது வெள்ளி கொடுத்து அந்நூலை முறையாக வாங்கினாலும் அதே ஆயிரம் சேரும். வள்ளல் தந்த ஆயிரத்துக்கு எழுத்தாளன் மேடையில் நின்று நன்றி கூறவேண்டும். ஐம்பது பேர் தந்த ஆயிரத்தைக் கொண்டு அவன் நிமிர்ந்த தலையோடு அடுத்த நூலை எழுதத் தொடங்கலாம்.