நாமா, நாங்களா?

வானொலிக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே 'நாம்'தான். 'நாங்கள் அடுத்த பாடலைக் கேட்போம்' என்றால் நேயர் வாசலுக்கு வெளியே நிற்பார். 'நாம்' என்றால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். மலாயிலும் 'கித்தா', 'காமி' என்று இதே வேறுபாடு உண்டு. பாவம், ஆங்கிலத்துக்குத்தான் இரண்டுக்கும் ஒரே சொல்.

பாருங்கள், 'பாவம்' என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டுப் பேச்சில் அது இரக்கப்படும் சொல். தேவாலயத்தில் அதற்குக் கனம் அதிகம். பொய், களவு என்று எண்ணிக் கணக்கு வைக்கும் காரியங்கள் மட்டும் அங்கே பாவம் இல்லை. ஆதாம் தொடங்கி மனித குலம் முழுவதுமே கடவுளோடு உறவு முறிந்து நிற்கிறது, விதிவிலக்கு யாருமில்லை என்பது ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொல்லும் விளக்கம். எசேக்கியேல் 18ஆம் அதிகாரமோ, தகப்பன் செய்ததற்கு மகன் தண்டனை சுமக்கமாட்டான் என்கிறது. தானியேல் 9ஆம் அதிகாரத்தைத் திறந்தால், நேர்மையாளர் என்று பெயரெடுத்த தானியேல் தன் முன்னோர் செய்ததையும் சேர்த்துக்கொண்டு, 'நாங்கள்' என்று கடவுளிடம் மன்றாடுகிறார். தண்டனை அவரவருக்கு, வெட்கம் எல்லாருக்கும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

'எல்லாரும் பாவிகள்' என்ற போதனை நம் தலைக்கனத்தைக் குறைக்க வந்தது. நடைமுறையில் அது அடுத்தவர் வாயை அடைக்கவும் பயன்படுகிறது. 'நாம் எல்லாருமே பாவிகள்தானே' என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் அடித்தவரும் அடிவாங்கியவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஒரு சபை முழுவதும் தவறு செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். 1857இல் அங்குள்ள டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. கறுப்பின விசுவாசிகளும் வெள்ளையரும் ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது, ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாக வழிபடலாம் என்றது அந்தத் தீர்மானம். பக்கத்தில் உட்கார மாட்டேன் என்பதற்கு எவ்வளவு பணிவான பெயர், பலவீனம்! 1881இல் கலப்பினத்தவருக்குத் தனிச் சபையே அமைந்தது. 1948இல் இனஒதுக்கல் அரசாங்கக் கொள்கையானபோது, அதற்கு வேத ஆதாரம் தேடிக் கொடுத்தவர்களும் இந்தத் திருச்சபையில் இருந்தார்கள்.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் பல சபைகளின் தலைவர்கள் கூடினார்கள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து பேசினார். அவர் 'நாம்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. முதலில் தன் சொந்தக் குற்றம், பிறகு தன் திருச்சபையின் குற்றம், பிறகு தன் ஆப்பிரிக்கானர் மக்களின் குற்றம் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொண்டார். நம் மொழியில் சொன்னால் அது 'நாங்கள்'. எதிரே உட்கார்ந்திருந்த கறுப்பின மக்கள் அதற்குள் இல்லை. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதை ஏற்று மன்னிப்பளித்தார். எங்கள் எல்லார் சார்பிலும் மன்னிக்க இவர் யார் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். முன்னாள் அதிபர் பி.டபிள்யூ. போத்தாவுக்கோ அந்த அறிக்கையே பிடிக்கவில்லை, எதிர்ப்புத் தெரிவித்தார்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஒரு தொலைபேசி அழைப்புதான் காரணம். நிகழ்ச்சி முடிந்த பிறகு, ஒலிபரப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓர் அக்கா பேசினார். கணவர் சபையில் பொறுப்பில் இருப்பவர், வீட்டில் கை நீட்டுபவர். ஞாயிறுதோறும் நீளக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போவாராம். பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியுமாம். ஆலோசனை கேட்கப் போனபோது அவருக்குக் கிடைத்த பதில், "சிஸ்டர், நாம் எல்லாரும் பாவிகள், மன்னித்து ஜெபம் பண்ணுங்கள்."

ஓர் உறுப்பு துன்பப்பட்டால் மற்ற உறுப்புகளும் சேர்ந்து துன்பப்படும் என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். அந்தச் சபையில் கை மட்டும் வலித்தது. உடம்பு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

15999 உதவி எண்ணையும், 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அவரே மறுபடியும் அழைத்தார். மாதர் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்களாம். வேத வசனம் எதுவும் சொல்லவில்லையாம். மூத்தவர் மட்டும், "நாங்க பாத்துக்கிட்டேதான் இருந்தோம், ஒண்ணும் கேக்கல" என்றாராம். அப்புறம் மூன்று பேரும் ஒரே காரில் போலீஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள்.