அணு சக்தியும் பூட்டிய பெட்டியும்

அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை என்று ஒன்றுண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் மாண்ட தன் மாணவர் முதலானவர்களுக்கு ஞாபகச் சின்னமாக அது கல்தூண் நாட்டவில்லை. அணுவை மனிதனுடைய நன்மைக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சி ஒன்றை 1948-இல் துவக்கிற்று. அதற்கு ஃபீனிக்ஸ் திட்டம் என்று பெயர். அதில் அமைத்த உலை 1957-இல் வேலை துவக்கி 2003-இல் நின்றுவிட்டது. உலை நின்றாலும் திட்டத்தின் காகிதங்கள் அந்தச் சர்வகலாசாலையின் பென்ட்லி சரித்திர நூல் நிலையத்தில் பத்திரமாய் இருக்கின்றன. ஆராய்ச்சி செய்வோர் போய்ப் பார்க்கலாம்.

நம் நாட்டு யோக்கியதை என்ன? கல்கத்தா சர்வகலாசாலையில் அணு ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் கண்டவர் மேகநாத் சாகா. 1950 ஜனவரியில் அதைத் திறந்து வைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானியான ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார். சாகா சிறு கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கீழ்ச்சாதி என்று மாணவர் விடுதியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர். "எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது" என்ற பேச்சை 1939-இல் வங்காளிப் பத்திரிகையில் சந்தி சிரிக்க வைத்தவரும் அவரே. (இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை என்பது வேறு சங்கதி.)

1948-இல் வந்த அணு சக்திச் சட்டம் எல்லாவற்றையும் ரகசியமென்றது. ரகசியம் ஆராய்ச்சியைக் கெடுக்கும், சர்வகலாசாலைகளை ஒதுக்கலாகாது என்று வாதாடிய சாகா, பார்லிமெண்டு மெம்பராகி 1954 மே மாதத்தில் அங்கேயே இவ்விஷயத்தை விவாதத்துக்குக் கொண்டுவந்தார். ஆனாலும் 1962-இல் வந்த அடுத்த சட்டமும் தன் 18-வது பிரிவில், தகவலை வெளியிடாமல் தடுக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கே கொடுத்தது.

களம்பூர் நெசவாளத் தோழர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். முன்பணம் வாங்கித் தறியில் உட்காரும் தோழரே! கணக்குப் புஸ்தகம் முதலாளி பெட்டியிலேயே இருந்தால், உமது கடன் எவ்வளவு என்று உமக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னதுதானே கணக்கு? கல்பாக்கத்தில் 1971-இல் ஆராய்ச்சி நிலையமும், 1983-இல் ஓடத் துவங்கிய மின்சார உலையும் நம் வரிப்பணத்தில் வந்தவையே. நூலுக்கும் சாயத்துக்கும் வரி கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கப் பாத்தியதை இல்லையா?

பகைவன் கையில் அகப்படும் என்பார்கள். குண்டு செய்யும் வகையைப் பூட்டி வைக்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் எந்தச் சர்வகலாசாலைக்கு எவ்வளவு பணம் போயிற்று, எந்த யோசனையை யார் தள்ளினார்கள், தொழிலாளியின் உடம்புக்கு வரும் கெடுதலைப் பற்றி என்ன எழுதிக்கொண்டார்கள் என்பவற்றுக்கு எழுபது வருஷம் கழித்தும் பூட்டு எதற்கு? வேதத்தைக் கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தேசத்தில் விஞ்ஞானத்துக்கும் அதே காவலா?

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. நம் சர்வகலாசாலைகளும் ஆராய்ச்சி நிலையங்களும் தங்களிடமுள்ள பழைய அணு ஆராய்ச்சிக் காகிதங்களைக் கரையான் தின்னுமுன் அடுக்கி, இன்னின்னது இருக்கிறதென்று ஒரு ஜாபிதா அச்சிடட்டும். அதைத் தமிழிலும் அச்சிடட்டும். கொடுக்க முடியாத காகிதம் எது, ஏன் என்பதையும் அந்த ஜாபிதாவிலேயே எழுதட்டும்.