வள்ளல் கொடுத்த மலை

சிங்கப்பூரைப் பாருங்கள், லீ குவான் யூ மாதிரி ஒரு நல்ல சர்வாதிகாரி போதும் என்பவர்கள் கொல்லிமலையை ஆண்ட ஓரியின் கதையை முழுசாகக் கேட்க வேண்டும். பாடி வந்தவருக்கு யானையும் பொன்னும் அள்ளிக் கொடுத்தவன். செம்மேட்டில் இன்றும் அவனுக்குச் சிலை, ஆடியில் அரசு விழா. அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தானே மலையமான் திருமுடிக்காரி, அவனும் ஓரியைப் போலவே கடையேழு வள்ளல்களில் ஒருவன்! குடிகளோடு சேர்த்து மலையையே தூக்கிக் கொடுத்தபோது அந்தக் குடிகளை யார் கேட்டார்கள்? வள்ளல் பட்டம் தந்ததும் புலவர்கள்தான், அதாவது பரிசு வாங்கியவர்கள். லீ ஆட்சியில் சிங்கப்பூரிலும் வீடும் வேலையும் வந்தது உண்மை. 1966-ல் கைதான எதிர்க்கட்சிக்காரர் சியா தை போ, விசாரணையே இல்லாமல் 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்ததும் அதே ஆட்சியில்தான். கொடுத்த கையைத் தட்டிக்கேட்க வழி இருந்ததா என்பதே என் கணக்கு. அதில் லீ தேறவில்லை.