இன்ஜின் வாங்கப் போறீங்களா பாஸ்?

எக்ஸாம் ஹால்ல கொஸ்டின் பேப்பர் பின்பக்கம் பைக் படம் வரைஞ்ச பார்ட்டியா நீங்க? உள்ளே வாங்க, இந்த வாரம் உங்க மேட்டர்தான்.

டேங்க் ஷேப் முடிவு பண்ணியாச்சு. கலர்கூட ஃபிக்ஸ். 'எந்த இன்ஜின் போடலாம்?'ங்கறதுல மட்டும் கேன்டீன்ல ரெண்டு கோஷ்டி. ஒண்ணு ஆர்எக்ஸ் 100 பக்தர்கள், இன்னொண்ணு புல்லட் ரசிகர் மன்றம். ரெண்டு பேரும் நம்பரை வெச்சுத்தான் அடிச்சுக்குவாங்க. நம்பரைவிட குணம் முக்கியம் பாஸ்.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஐ எடுத்துக்குங்க. சிலிண்டரோட விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 90 மி.மீ. 346 சி.சி. இருந்தும் பவர் 18 குதிரைசக்திதான். ஆனா மெதுவா சுத்தும்போதே யானை மாதிரி இழுக்கும். ஆர்எக்ஸ் 100 நேர் எதிர். 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி. அந்த 11-ம் முழுசா வேணும்னா நிமிஷத்துக்கு 7,500 சுத்து வரைக்கும் முறுக்கணும். வண்டி எடையே சுமார் 100 கிலோதான், அதான் அந்தப் பறக்கற ஃபீலிங். தினமும் சிக்னலுக்கு சிக்னல் நின்னு நின்னு போறவருக்கு எது சுகம், ஹைவேயில நிதானமா போறவருக்கு எது சுகம்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

இப்ப ஒரு சோகக் கதை. என் காலேஜ் நண்பன் ஒருத்தன், பழைய வண்டியோட ஃப்ரேமை வெச்சுக்கிட்டு 'நல்ல கண்டிஷன்'னு ஒரு இன்ஜினை மட்டும் தனியா வாங்கினான். பில் கிடையாது, பேப்பர் கிடையாது, விலை மட்டும் ரொம்பக் கம்மி. ஆறு மாசம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. வண்டி ரெடியாகி, ரெண்டாவது வாரம் செக்கிங்ல நிறுத்தினாங்க. இன்ஜின் நம்பர் ஒண்ணு, ஆர்.சி.யில இருக்கற நம்பர் வேற. தேடிப் பார்த்தா, அது காணாமப் போன யாரோ ஒருத்தரோட வண்டி இன்ஜின்! அவன் திருடலைன்னு நிரூபிக்கறதுக்குள்ள அவங்க அப்பா ஸ்டேஷனுக்கு நடந்த நடை இருக்கே... அதுக்கப்புறம் அந்த வீட்ல பைக்ங்கற வார்த்தையே கிடையாது.

அதனால குதிரைசக்தி கேக்கறதுக்கு முன்னாடி பேப்பரைக் கேளுங்க. இன்ஜின்ல நம்பர் குத்தின இடத்தைத் துடைச்சு, விரலால தடவிப் பாருங்க. கிரைண்டர் வெச்ச மாதிரி வழவழன்னு இருந்தா, ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பிடுங்க. ஆர்எக்ஸ் 100 இங்கே வந்தது 1985-ல, நின்னது 1996-ல. ஆக எந்த ஆர்எக்ஸ் 100-ம் 15 வருஷப் பதிவுக் காலத்தைத் தாண்டிடுச்சு. ஆர்.சி.யைப் புதுப்பிச்சிருக்காங்களான்னு பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

சட்டமும் விளையாட்டில்லை. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டுமே கூடக் கிடைக்கலாம். பழுதாகி இன்ஜின் மாத்தறதா இருந்தாக்கூட, முதல்ல ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கணும், புது நம்பர் ஆர்.சி.யில ஏறணும்.

என் ஓட்டு எதுக்குன்னு கேக்கறீங்களா? முதல் பில்டுக்கு முழு வண்டியா வாங்குங்க, அதோட சொந்த இன்ஜினையே பிரிச்சு சரி பண்ணுங்க. ஸ்ப்ளெண்டர்னா முகம் சுளிப்பீங்க, தெரியும். 97.2 சி.சி., அப்பா ஆபீஸ் போற வண்டி! ஆனா எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் பிஸ்டன், ரிங், க்ளட்ச் பிளேட் கிடைக்கும், அதுவும் பாக்கெட் மணிக்குள்ள. தப்பா மாட்டிட்டாலும் மறுபடி வாங்கலாம்.

வாங்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்க. கிக்கரைக் கையால அழுத்தினா எதிர்ப்பு தெரியணும், தொளதொளன்னு இறங்கினா கம்ப்ரெஷன் போச்சு. ஃபோர் ஸ்ட்ரோக்ல நீலப்புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். (டூ ஸ்ட்ரோக்ல கொஞ்சம் புகை இருக்கும், அதைப் பார்த்து மிரளாதீங்க.) ஆயிலை இறக்கிப் பார்க்க விட்டாங்கன்னா, அதுல உலோகத் துகள் மினுக்குதான்னு வெயில்ல பாருங்க.

அடுத்தது பார்ட்ஸ். சைலன்சரை அறுத்தா பவர் கூடும்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. டூ ஸ்ட்ரோக் சைலன்சரோட வயிறு சும்மா பெருசா இல்லை. வெளியே ஓடப்பார்க்கற பெட்ரோல் கலவையை அதுல எழும்பற அழுத்த அலைதான் திருப்பி சிலிண்டருக்குள்ள தள்ளுது. அதை வெட்டினா சத்தம் வரும், இழுவை போயிடும். ஃபில்டரையும் கழட்டிட்டு, கார்புரேட்டர் ஜெட்டை மாத்தாம ஓட்டினா, காத்து அதிகமாகி, சூடேறி, பிஸ்டன் ஜாமாகும். எண்பதுல போகும்போது பின்சக்கரம் லாக் ஆனா எப்படி இருக்கும்?

உண்மையிலேயே இழுவை வேணுமா? ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்க. முன்னால 14 பல், பின்னால 42 பல்னா விகிதம் 3. முன்னால ஒரு பல் குறைச்சு 13 போட்டா 3.23. மேடு ஜாலியா ஏறும், டாப் ஸ்பீடு கொஞ்சம் குறையும். சில நூறு ரூபாய் சமாச்சாரம்! ஆனா ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டுல இருக்கணும், இல்லேன்னா செயின் தேயும், ஒருநாள் கழண்டு விழும்.

பிரேக்குக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வேகம் 40-லேர்ந்து 80 ஆனா பிரேக் பிடிச்ச பிறகு வண்டி ஓடற தூரம் ரெண்டு மடங்கில்லை, நாலு மடங்கு. பழைய டிரம் பிரேக்கை வெச்சுக்கிட்டு இன்ஜினை மட்டும் பெருசாக்கறவங்களைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும். பட்ஜெட் போடும்போது பிரேக் ஷூ, கேபிள், டயர், வீல் பேரிங்னு முதல்ல எழுதுங்க. பெயின்ட் கடைசி வரியில.

நம்ம நண்பன் பெயின்ட்டைத்தான் முதல்ல அடிச்சான். கறுப்பும் தங்கக் கோடும் போட்ட அந்த டேங்க் மட்டும் இன்னும் அவங்க வீட்டுப் பரண்ல இருக்கு.