பள்ளியின் பழைய கணக்கில் பிள்ளையின் மதிப்பெண்ணா?

தேர்வு நடத்த முடியாத ஆண்டில் மதிப்பெண்ணை ஆசிரியர் கையில் விட்டால் வாரி வழங்கிவிடுவார்கள், ஆகவே பள்ளியின் முந்தைய முடிவுகளை வைத்துக் கணினி திருத்துவதே நடுநிலையானது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. இங்கிலாந்து 2020-ல் இதைச் செய்தே பார்த்தது. கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் ரத்தானதும், மாணவருக்கு என்ன கிரேடு கிடைத்திருக்கும் என்று ஆசிரியர்கள் எழுதித் தந்தார்கள். முதலிடத்திலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்தியும் தந்தார்கள். தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆஃப்க்வால் அமைப்பு வரிசையை எடுத்துக்கொண்டு, கிரேடுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, பள்ளியின் முந்தைய மூன்றாண்டு முடிவுகளைக் கொண்டு புதிய கிரேடு போட்டது. ஆகஸ்ட் 13-ல் முடிவு வந்தபோது, ஐந்தில் இரண்டு பங்கு கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. நான்கே நாளில் அரசு பின்வாங்கியது.

ஆசிரியரின் சார்பைக் களையத்தான் இந்த ஏற்பாடு என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். ஆசிரியர்கள் தாராளமாகப் போட்டது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் பிடிக்கும், இன்னொன்றைப் பிடிக்காது என்ற சார்பு எதில் ஒளிந்திருக்கும்? யாரை ஏழாவதாகவும் யாரைப் பதினொன்றாவதாகவும் எழுதினார் என்பதில்தான். அந்த வரிசையைக் கணினி அப்படியே ஏற்றது. களைய வேண்டியதை வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிந்ததைத் தூக்கிப் போட்டது. முந்தைய ஆண்டுகளில் கணிதத்தில் உச்ச கிரேடு யாருமே வாங்காத பள்ளியில் இந்த ஆண்டு ஒரு கெட்டிக்காரப் பெண் முதலிடத்தில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வகுப்பின் பழைய மதிப்பெண்கள் கணக்கைச் சற்று நகர்த்தலாம். மற்றபடி, அவள் பார்த்தேயிராத சீனியர்கள் வாங்கிய கிரேடுதான் அவளுக்குக் கூரை.

கணினிக்கு ஏழை பணக்காரன் தெரியாது என்பார்கள். ஒரு பாடத்தில் ஐந்து பேரோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் புள்ளியியல் கணக்கு நிற்காது என்று, அங்கே மட்டும் ஆசிரியர் கிரேடே செல்லும் என்றார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் அவ்வளவு சிறிய வகுப்புகள் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். ஸ்காட்லாந்திலும் பள்ளியின் கடந்தகாலத்தை வைத்தே திருத்தினார்கள். அங்கே ஹையர் எனப்படும் பள்ளித் தேர்வில் மிக வறிய பகுதி மாணவர்களின் தேர்ச்சி, ஆசிரியர் மதிப்பீட்டிலிருந்து 15 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. மிக வசதியான பகுதியில் சரிவு 7 புள்ளிகள்கூட இல்லை. இந்தச் சூத்திரத்தில் சாதி, வருமானம் என்று எதையும் எழுத வேண்டியதே இல்லை. பள்ளியின் பழைய முடிவு என்று எழுதினாலே போதும், அவை உள்ளே வந்துவிடும்.

தரம் என்னாவது என்ற கேள்வி நியாயமானது. ஆசிரியர் கிரேடுகளே செல்லும் என்றானதும், 2019-ல் சுமார் 25 சதவீதமாக இருந்த ஏ, ஏ ஸ்டார் கிரேடுகள் 38 சதவீதமாகின. பல்கலைக்கழகங்களில் இடநெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டு மாணவரையும் அது பாதித்தது. ஆனாலும் இரண்டு இழப்பும் ஒரே எடையல்ல. சேர்க்கையில் கூட்டம் மிஞ்சினால் அரசு இடங்களைக் கூட்டலாம். மருத்துவப் படிப்புக்கு அப்படித்தான் கூட்டினார்கள். செய்யாத தவறுக்குக் கிரேடு குறைந்து மருத்துவ இடத்தை இழந்த மாணவனுக்கு அந்த ஆண்டைத் திருப்பித் தர வழியில்லை. மேல்முறையீடு இருந்ததே என்றால், அது பள்ளி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி முறையிடலாம் என்று வெளியிட்ட விதியையும் சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள்.

இந்தியாவிலும் தேர்வு ரத்தான 2021-ல் சிபிஎஸ்இ மாணவரின் 10, 11, 12-ஆம் வகுப்பு மதிப்பெண்களை 30:30:40 என்று சேர்த்தது, நல்ல அடித்தளம். அதன்மேல் பள்ளியின் முந்தைய முடிவுகளை அளவுகோலாக வைத்தது, இங்கிலாந்தின் அதே பிழை. தமிழ்நாடு அந்த ஆண்டு பிளஸ் டூவுக்கு 50:20:30 என்று மாணவரின் சொந்த மதிப்பெண்களை மட்டுமே எடுத்தது; போதாது என்பவர் தேர்வு எழுதவும் வழி விட்டது. பத்தாம் வகுப்புக்குப் பாதி எடை என்பது அதிகம்தான்: இரண்டு ஆண்டு உழைத்து முன்னேறிய பிள்ளையை அது பழைய இடத்திலேயே நிறுத்துகிறது. அந்த எடையைக் குறைக்கலாம். மாணவரே நேரடியாக முறையிடும் உரிமையைச் சேர்க்கலாம். விருப்பத் தேர்வைக் கல்லூரிச் சேர்க்கை முடிவதற்குள் நடத்தலாம். பள்ளியின் பெயரை மட்டும் அந்தச் சூத்திரத்துக்குள் விடக்கூடாது.