வெற்றியெனும் பொய்ச்சான்று

பெருவங்கியொன்றின் கணக்குவேலை பகலோடு முடிந்துவிடுவதில்லை. பகற்பொழுதின் கொடுக்கல் வாங்கல்களுட் பெரும்பகுதி இரவிலேதான் கணினிப்பணிகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் பேரேட்டிற் பதியப்படுகின்றது. அப்பணிகளுள் எது முன், எது பின், எது எதற்காகக் காத்திருத்தல் வேண்டும் என்ற ஒழுங்கின்படி அவற்றை ஓட்டுவது பணிநிரலிடு மென்பொருள். ஒவ்வொரு பணிக்கும் அது ஒரு நிலைச்சொல்லைச் சூட்டுகின்றது. அச்சொல்லையே உண்மையென நம்பி, பழுது நேர்ந்தால் இரவுக்கடமையிலிருக்கும் இயக்குநர் பார்த்துக்கொள்வார் என வாளாவிருக்கும் முகாமையாளர் பலர். இப்போக்குத் தவறானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும்.

நிலைச்சொல் உண்மையில் எதனைக் கூறுகின்றது? ஐ.பி.எம். நிறுவனத்தின் வேர்க்லோட் ஷெடியூலரில், வேறு விதி வகுக்கப்படாதவிடத்து, பணி தன் முடிவெண்ணாகப் பூச்சியத்தைத் தந்தால் ‘சக்’, அதாவது வெற்றி. வேறெண்ணைத் தந்தால் ‘அபென்ட்’, அதாவது இடைமுறிவு. பணியைத் தொடக்கவே இயலாதுபோயின் ‘ஃபெயில்’. பின்னிரண்டையும் ‘பழுது’ என ஒரே கூடையிற் போடுவாருளர். ஓடி முறிந்த பணி பேரேட்டிற் பாதி எழுதியிருக்கக்கூடும். தொடங்காத பணியோ எதனையுந் தொட்டிராது. இரண்டுக்கும் ஒரே மருந்து எவ்வாறு பொருந்தும்?

வெற்றியின் கதை இதனினும் மோசமானது. வரவேண்டிய கோப்பு வெறுமையாக வந்தாலும், அதைத் திறந்து மூடிய நிரல் பூச்சியத்துடன் முடிவடையலாம். ஒருவருடைய சம்பளமேனும் பதியப்படவில்லை, திரையிலோ வெற்றி! போதாக்குறைக்கு, முறிந்த பணியை இயக்குநர் தம் கையாலேயே வெற்றியென உறுதிசெய்யவும் அம்மென்பொருள் இடந்தருகின்றது. பணியின் பயனை வேறுவழியாற் சரிபார்த்தபின் அவ்வசதியைக் கையாளுதல் நியாயமே. கிளைகள் திறக்குமுன் திரையிற் சிவப்பு இருத்தலாகாது என்ற நெருக்குதலில், அதிகாலை மூன்று மணிக்கு அது கையாளப்படும் விதம் வேறு.

மீட்புக்கு அம்மென்பொருள் காட்டும் வழிகள் மூன்று: நிறுத்து, தொடர், மீண்டும் ஓட்டு. ‘தொடர்’ என்பது முறிந்ததைப் பொருட்படுத்தாது அடுத்த பணியை ஓடவிடும். அறிக்கை அச்சிடும் பணிக்கு அது தகும், பேரேட்டுப் பணிக்குத் தகாது. ‘மீண்டும் ஓட்டு’ என்பதோ கணினிக்கூடங்களின் கைமருந்தாகிவிட்டது. ஓர் இலட்சம் கணக்குகளுக்கு வட்டி வரவுவைக்கும் பணி 40,000 கணக்குகளுடன் முறிந்ததென வைத்துக்கொண்டால், முறிந்த இடத்தை அது குறித்துவைத்திராவிடின், முதலிலிருந்து ஓட்டுகையில் அந்த 40,000 பேருக்கும் இருமுறை வட்டி. அப்போதும் நிலைச்சொல் வெற்றியே. எப்பணியை மீண்டும் ஓட்டலாம், எதனை ஓட்டலாகாது என்பதை அப்பணியை ஆக்கியோர் பகலிலேயே எழுதி, பரிசோதித்தும் வைத்திருத்தல் வேண்டும். இரவு இயக்குநரின் ஊகத்துக்கு விடத்தக்க விடயமன்று இது.

இவையெல்லாம் மிகையான அச்சம் என்பார்க்கு 2012 யூன் மாதம் விடைதரும். றோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்துக் குழுமத்தில் இரவுப்பணிகளை ஓட்டும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு நிறுவப்பட்டது. கோளாறு தென்பட்டதும், விளைவைப் பரிசோதியாமலே அது அகற்றப்பட்டது. புதியது பழையதோடு ஒவ்வாது என்பதை எவரும் உணரவில்லை. குழுமத்தைச் சேர்ந்த நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகள் உட்பட ஐக்கிய இராச்சியத்தில் 65 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் அல்லலுற்றனர். மீதித்தொகை பிழையாகக் காட்டப்பட்டது. வீட்டுக்கடன் தவணைகள் பிந்தின. நிறுவனங்கள் சம்பளங் கொடுக்க முடியாது திண்டாடின. வெளிநாடுகளிற் கையிற் காசின்றி நின்றோருமுண்டு.

பழி யாரைத் தேடிச்சென்றது? பிரித்தானியப் பத்திரிகைகள் சில இந்தியாவிலிருந்த ஊழியர்பாற் சுட்டுவிரல் நீட்டின. கோளாறு விளைந்த முறைமை எடின்பரோவிலுள்ள குழுவினராலேயே இயக்கப்பட்டது எனத் தலைமை நிறைவேற்று அதிகாரி ஸ்டீபன் ஹெஸ்டர் பாராளுமன்றக் குழுவின் தலைவருக்கு எழுதவேண்டியதாயிற்று. 2014 நவம்பரில் பிரித்தானியாவின் இரு ஒழுங்குபடுத்து நிறுவனங்கள் முறையே 42 மில்லியன், 14 மில்லியன் பவுண் தண்டம் விதித்தபோது, அவை அடிப்படைக் காரணமாகக் கண்டது எந்த இயக்குநரின் கைப்பிழையையுமன்று. போதிய முறைமைகளையும் கட்டுப்பாடுகளையும் வங்கி அமைத்திராமையையே. அதே மாதத்தில் அயர்லாந்தின் மத்திய வங்கியும் அல்ஸ்டர் வங்கிக்கு 35 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.