சொத்து சேர்ப்பது பாதி வேலை!

அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரம் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் மாளிகைமேடு என்ற இடம் இருக்கிறது. கங்கை வரை படை அனுப்பி வெற்றி கண்ட ராஜேந்திர சோழனின் அரண்மனை அங்கேதான் இருந்தது. இன்று போய்ப் பார்த்தால், செங்கல் அடித்தளம் மட்டுமே கண்ணில் படும். மற்றதெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

அதே மன்னன் அங்கே ஓர் ஏரியும் வெட்டினான். அதற்குச் சோழகங்கம் என்று பெயர். அளவில் சுருங்கிப் போனாலும், பொன்னேரி என்ற பெயரில் அந்த ஏரி இன்றும் இருக்கிறது.

தான் வாழக் கட்டிய மாளிகை மேடாகிவிட்டது. ஊர் வாழ வெட்டிய ஏரி நிற்கிறது.

சேர்த்த சொத்து எங்கே போய்ச் சேர வேண்டும்? இந்தக் கேள்வி மன்னனுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் உரியது.

11 வயதில் வாங்கிய பங்கு

அமெரிக்காவில் ஓமாகா என்ற ஊரில் 1930-ம் ஆண்டு பிறந்தவர் வாரன் பஃபெட். உலகத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். சிறுவனாக இருந்தபோது வீடு வீடாகப் பத்திரிகை போட்டுக் காசு சேர்த்தார்.

1942-ல், 11 வயதில், முதன்முதலாக ஒரு கம்பெனியில் பங்கு வாங்கினார். பங்கு ஒன்றுக்கு விலை 38 டாலர். அக்காளையும் சேர்த்துக்கொண்டார். வாங்கியதும் விலை 27 டாலராக இறங்கியது. அக்காள் முகத்தைப் பார்க்க முடியவில்லை! 40 டாலர் ஆனதும் விற்றுவிட்டார். பிறகு அதே பங்கு 202 டாலர் வரை ஏறியது. பொறுமை இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்பதை அன்றே கற்றுக்கொண்டார்.

1965-ல் 'பெர்க்‌ஷயர் ஹாத்தவே' என்ற துணி ஆலையைத் தன் பொறுப்பில் எடுத்தார். துணி வியாபாரம் நொடித்தது. 1985-ல் தறிகளை நிறுத்தினார். அந்த ஆலையை வாங்கியதே தன்னுடைய தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் அதே கம்பெனியின் பெயரில் வேறு பல தொழில்களில் பணத்தைப் போட்டு, பிரம்மாண்டமாக வளர்த்தார். 1958-ல் வாங்கிய வீட்டை மட்டும் மாற்றவில்லை. 95-வது வயதில், 2025-ம் ஆண்டு முடிவில், நிர்வாகத் தலைமையிலிருந்து விலகினார்.

"பிள்ளைகளிடம் காட்டுங்கள்"

தன் சொத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தர்மத்துக்கே என்று அவர் 2010-ல் அறிவித்தார். இவ்வளவு பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் தர்மம் செய்யலாம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் 2024-ம் ஆண்டு அவர் எழுதிய கடிதத்தில், ஏழை பணக்காரர் எல்லாருக்கும் பொருந்தும் யோசனை ஒன்று இருக்கிறது.

பிள்ளைகள் வளர்ந்து, விவரம் தெரிந்த பிறகு, உயிலில் கையெழுத்துப் போடும் முன்பே அதை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள் என்கிறார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று அவர்கள் கேட்கட்டும். நியாயமாக இருந்தால் மாற்றுங்கள் என்கிறார். தன் பிள்ளைகள் மூவரும் சொன்ன யோசனைகளைப் பலமுறை ஏற்றதாகவும் எழுதியிருக்கிறார்.

பெரம்பலூர் பக்கம் வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவித்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நிலம் வாங்கிய குடும்பங்கள் உண்டு. அரியலூர் பக்கம் முந்திரிக் காட்டையும், சுண்ணாம்புக்கல் கிடைக்கும் பூமியையும் வைத்திருப்பவர்கள் உண்டு. அப்பா மனசில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவர் கண்ணை மூடியதும் அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி ஒன்று சொல்வார். தங்கை பிறந்த வீட்டு வாசலை மிதிப்பதையே விட்டுவிடுவாள். வரப்பில் தொடங்கிய சண்டை கோர்ட்டுக்குப் போகும். வழக்குச் செலவுக்கு அதே நிலத்தை விற்கவும் நேரும்.

சொத்து சிறியதாக இருந்தால் சண்டையும் சிறியதாக இருக்குமா? இருக்காது. குறைவாக உள்ள இடத்தில்தான் ஒவ்வொரு அடி மண்ணும் உயிராகத் தெரியும்.

அபசகுனம் அல்ல

"உயில் எழுதினால் ஆயுள் குறையும்" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். குடை எடுத்துப் போவதால் மழை வந்துவிடுமா?

"எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் சோறு போடமாட்டார்கள்" என்பது இன்னொரு பயம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம் வேறு, உயில் வேறு. உயில் எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் அது செல்லும். அதுவரை சொத்து அவருடையதே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பாதுகாப்பு. ஒன்றை மறக்கக்கூடாது. இந்துக் குடும்பங்களில், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே சம உரிமை உண்டு. 2005-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது.

வீடு கல்லூரியானது

நம் நாட்டிலும் இதற்கு வழிகாட்டி இருக்கிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார், ஆலைகள் நடத்திப் பெரும் பொருள் ஈட்டியவர். 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டியபோது, தான் குடியிருந்த மாளிகையையே கொடுத்துவிட்டார். 1957-ல், 48 வயதுகூட நிறையாமல் காலமானார். தர்மத்தை முதுமைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தால், அதைச் செய்ய அவருக்கு நாள் கிடைத்திருக்காது.

எல்லாராலும் கல்லூரி கட்ட முடியாது. ஆனால் பிள்ளைகளை உட்காரவைத்து, "இன்னது இன்னாருக்கு, காரணம் இது" என்று சொல்ல எல்லாராலும் முடியும். முடிந்தால், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

சொத்து சேர்ப்பது பாதி வேலை. அது சண்டையாகாமல் சேர வேண்டிய இடத்தில் சேரும்படி செய்வது மறுபாதி. முதல் பாதியைச் செய்து முடித்தவர்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டு மறுபாதியைத் தொடங்கலாம்.